எந்த ரைட்?

ஆன்ட்டி, அந்த இடது பக்க மெஷின்ல போடாதீங்க. கையில் வெள்ளைச் சட்டை வேற வச்சிருக்கீங்க. எங்கள் துணியை முதல் தடவை அதில்தான் போட்டேன். உள்ளே எட்டிப் பாருங்க, செங்கல் சூளை மாதிரி இருக்கா? துரு இல்லை அது. நாங்கள் வந்த ரோடு. அந்த மண் ரோட்டில் பாதியை நாங்கள் மூன்று பேரும் மேலே பூசிக்கொண்டு வந்துவிட்டோம். மிச்சப் பாதியில்தான் நாளைக்கு நீங்கள் கேரவனை இழுத்துக்கொண்டு போகப் போகிறீர்கள்.

எப்படித் தெரியும் என்றால், அங்கிள் ரிசப்ஷனில் பேசினதைக் கேட்டேன். "வீ ஆர் டூயிங் த டர்ட் ரோட், யூ நோ." சரியாக வந்திருக்கா? கடைசி "நோ" மட்டும் மூக்கில் ஏறி இறங்குமே, அது. கோவிச்சுக்காதீங்க. யார் பேசினாலும் அந்தக் குரல் எனக்கு ஒட்டிக்கொள்ளும், சளி மாதிரி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடும்.

உட்காருங்க. என் பக்கம் வேண்டாம், இங்கே பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் துணிப்பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். பைக்குள் அப்பாவுடைய வாக்கி டாக்கி கிடக்கிறது, அதுவும் குத்துகிறது. ஆனால் ஆணியைவிட மரியாதையாகக் குத்துகிறது. துணி முடிந்ததும் கூப்பிடு என்று கொடுத்தனுப்பினார். பை வாயில் சிவப்பு விளக்கு தெரிகிறதா? பேட்டரி இறங்கிவிட்டது போல. எரிந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது ஓடுகிறதே, இது மூன்றாவது தடவை. அதே துணிதான். முதல் தடவை மண் போவதற்கு. இரண்டாவது தடவை, மண் போய்விட்டதா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவை, பஸ் போவதற்கு.

விஷயம் இதுதான். எங்கள் அம்மா இன்றைக்குச் சாயங்காலம் இந்தக் கூபர் பீடியிலிருந்து பஸ்ஸில் அடிலெய்டு போகிறார்கள். தனியாக. நானும் அப்பாவும் கேரவனோடு பின்னால் வரவேண்டுமாம். மற்றப் பை எல்லாம் கட்டி கேரவன் வாசலில் வைத்தாகிவிட்டது. இந்தத் துணிதான் பாக்கி. ஈரத்துணியோடு அம்மா பஸ் ஏற மாட்டார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கண்டக்டர் மகள். பஸ்ஸுக்குள் சொட்டுச் சொட்டாக வடிகிற மூட்டையோடு ஏறுகிறவர்களைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு என்ன அபிப்பிராயம் என்று நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஆக, இந்த மெஷின் சுற்றுகிற வரைக்கும் எங்கள் குடும்பம் ஒரே குடும்பம். சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க, பரவாயில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் நறுமுகை, பதினொன்றாவது வகுப்பு, வகுப்புக்கு வெளியே நிற்பது அதிகம். அப்பா பேர் அய்யனார். ராஜபாளையம் பக்கம் ஊர். அரிவாளோடு குதிரையில் உட்கார்ந்திருக்கிற சாமி பேர். அடிலெய்டு ஆபீஸில் அது யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் அங்கே அவர் இயன். அய்யனாருக்கு யாரிடமும் பயம் கிடையாது. இயனுக்கு எல்லாரிடமும் பயம். வீட்டில் யாரிடமும் கேட்காமல் கேரவன் வாங்கினது அய்யனார். அதை ஓட்டினது இயன். எங்களுக்கு வந்த வினை முழுக்க அந்த இடைவெளியில்தான்.

அம்மா பேர் பேச்சியம்மாள். அந்தப் பேரை வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள் பாருங்க, அதுதான் கதை. அம்மா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவர்களுக்கு மொத்தமே ஒரு குரல்தான். நான் பரீட்சையில் பாஸ் என்றாலும் "சரி". சாம்பார் தீய்ந்தாலும் "சரி". ஏற்றம் இறக்கம் ஒன்றும் இருக்காது. எனக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அப்பா பக்கம்தான். ஆபீஸ் போன் வந்தால் அவருக்குத் தொண்டையே மாறிவிடும்.

அம்மாவைப் பெற்ற தாத்தா கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டர். போன வருஷம் தவறிவிட்டார். அம்மா இங்கிருந்து விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த வீட்டுப் பாஷையைப் பற்றி. அங்கே "ரைட்" என்று ஒரு வார்த்தை, அதை வைத்து முழு நாளையும் ஓட்டிவிடுவார்கள். சாப்பாடு தயார் என்றால் ரைட். கதவைப் பூட்டியாச்சு, ரைட். நம்பிப் போகலாம், ரைட். தாத்தா போனை வைக்கும்போது "வச்சிடறேன்" சொன்னதே கிடையாது, "ரைட்டு" என்பார், டொக் என்று சத்தம் வரும். நிறுத்து என்றால் "ஹோல்டான்". வலது பக்கத்துக்கு அந்த வீட்டில் ரைட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது சோத்துக்கைப் பக்கம். இது அய்யனாருக்கும் தெரியும். கல்யாணம் பண்ணின நாளிலிருந்து தெரியும்.

இயனுக்குத்தான் தெரியாது.

முதல் நாள் தங்கின கேரவன் பார்க்கில் நடந்தது. கேரவனைப் பின்னால் எடுத்து நம் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆன்ட்டி, அங்கிள் இதைச் செய்திருக்காரா? இல்லையா? சரி. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேரவன் எதிர்ப் பக்கம் போகும். அதைப் பழக்குவதைவிட மாட்டைப் பழக்கிவிடலாம். அதைவிட முக்கியம், நீங்கள் பின்னால் எடுக்க ஆரம்பித்த உடனே சுற்றியுள்ள கேரவன்களிலிருந்து எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ரிட்டயர் ஆகி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வருஷம் முழுக்கச் சுற்றுகிற வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள். டி.வி. கிடையாது, பாவம். நாம்தான் டி.வி.

கெவின் என்று ஒருத்தர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தொப்பை மேல் பீர் கேனை நிற்க வைத்திருந்தார், கை பிடிக்காமல். அவர் குரல் இப்படி இருக்கும்: "டேக் யோர் டைம், மைட். வீ காட் ஆல் டே." டைம் இல்லை, டோய்ம். டே இல்லை, டை. அதைக் கேட்டதுமே அய்யனார் இறங்கிப் போய்விட்டார், ஸ்டியரிங்கில் இயன் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் வியர்வை நான் நின்ற இடம் வரைக்கும் தெரிந்தது.

அம்மா பின்னால் நின்று வழி சொன்னார்கள். "வரலாம். வரலாம். ரைட். ரைட். வரலாம் ரைட்."

அப்பா ரைட்டில் ஒடித்தார்.

"ரைட்டுங்க, அப்படியே ரைட்."

இன்னும் ஒடித்தார்.

"ஹோல்டான். ஹோல்டான். ஏங்க ஹோல்டான்."

அதற்குள் கேரவனின் பின்பக்கம் இடது புறமாகப் போய், அங்கே இருந்த தண்ணீர்க் குழாய்க் கம்பத்தை முட்டிச் சாய்த்துவிட்டது. தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. அந்த ஊரில் மழை எப்போது பெய்தது என்று யாருக்கும் ஞாபகமில்லையாம். கெவின் நாற்காலியை மட்டும் ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்து நின்றார்கள்.

கேரவன் பார்க் நடத்துகிறவர் ஓடிவந்து தண்ணீரை நிறுத்தினார். அப்பா இறங்கினார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அப்போது இயன் ஒரு காரியம் பண்ணினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: என் மனைவி ஊரில் ரைட் என்றால் ரைட் இல்லை, 'போ' என்று அர்த்தம், அவங்க அப்பா பஸ் கண்டக்டர், என்ன செய்ய. சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார். தோளைக் குலுக்குவது ஆபீஸில் கற்றுக்கொண்டது.

கொஞ்சம் சிரிப்பு வந்தது. மரியாதைச் சிரிப்பு. அவர்களுக்கு அது புரியவில்லை, ஆன்ட்டி. பஸ் கண்டக்டர் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? இங்கே பஸ்ஸில் டிரைவர் மட்டும்தான். ஜோக் அந்தரத்தில் தொங்குகிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஓடிப்போய்க் கேரவன் படியில் ஒரு காலை வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்து, வெளியே சாய்ந்து தொங்கினேன். விரலை வாயில் வைத்து விசில். "ஏறு ஏறு ஏறு, உள்ள போ, படியில நிக்காத, ஏ தாயி குழந்தையை மடியில வையி, போலாம் ரைய்ட்." அச்சு அசல் தாத்தா. அப்புறம் இந்தப் பக்கம் குதித்து, "ஏங்க ஹோல்டான், ஏங்க ஹோல்டான்", நனைந்த கோழி மாதிரி கையை உதறிக்கொண்டு, அது அம்மா.

கெவின் தொப்பையிலிருந்து பீர் கேன் விழுந்துவிட்டது. விழுந்ததையும் எடுக்காமல் சிரித்தார். நாய் வைத்திருந்த ஒரு ஆள் அழுதே விட்டார். "டூ இட் அகெய்ன், லவ்." அகெய்ன் இல்லை, அகைன். மறுபடி செய்தேன். பக்கத்து வரிசையிலிருந்து ஆள் வந்தது, அவர்களுக்காக இன்னொரு தடவை. என் வாழ்க்கையில் அந்த மாதிரி கைதட்டல் வாங்கினதில்லை. அம்மாவும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் சிரித்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. நடிக்கிற ஆள் எல்லார் முகத்தையுமா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அன்றைக்கு நின்றது பேச்சு. காரணம் தெளிவு. கட்டின பெண்டாட்டியை அப்பா நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிவிட்டார். எனக்கே அவர் மேல் கோபம்தான்.

மறுநாள் மண் ரோடு. தார் முடிகிற இடத்தில் இறங்கி டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், அங்கிளிடம் சொல்லுங்க, நாங்கள் அதை மறந்துவிட்டுத்தான் கொஞ்ச தூரம் போனோம். ரோடு நெடுக தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அடிக்கும். வேகமாகப் போனால் எல்லாம் கூட்டம் சேர்ந்து அடிக்கும். பேசினால் "அ-அ-அ-அப்பா" என்று வரும், நான் ஒரு பாட்டே பாடிப் பார்த்தேன், கர்நாடக சங்கீதம் தெரியாமலே கமகம் வந்தது. முதல் தடவை நிறுத்தி கேரவன் கதவைத் திறந்தால் மைக்ரோவேவ் தலையை வெளியே நீட்டி வாங்க என்கிறது. புளிக்காய்ச்சல் பாட்டிலும் மிளகாய்ப்பொடி டப்பாவும் ஒன்றையொன்று உடைத்து மெத்தை மேல் கலந்து கிடக்கிறது. அதன் மேல் விரல் கனத்துக்குச் செம்மண். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்தான் பரவாயில்லையே.

அம்மா பின் சீட், நான் முன் சீட். அடியில் கல் அடிக்கிற சத்தத்தில் பின்னால் சொல்வது முன்னால் கேட்காது. அதனால் நான்தான் தபால்.

அம்மா என் காதுப் பக்கம் குனிந்து, "மெதுவா போகச் சொல்லு. குடல் வாய்க்கு வந்துடுச்சு," என்பார்கள்.

நான் அப்பாவிடம் திரும்பி, அம்மா குரலில், கொஞ்சம் சர்க்கரை போட்டு: "என்னங்க, மெதுவா போங்க, உங்களுக்குக் கை வலிக்கப் போவுது."

அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்ப்பார். "பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு. ஓவர்." அவருக்கு வாக்கி டாக்கி வாங்கினதிலிருந்து ஓவர் போடாமல் பேச வராது. சாப்பிடும்போதுகூட "ஊறுகாய் குடு, ஓவர்."

நான் அம்மாவிடம், அப்பா குரலில்: "நீ சொன்னா சரிதான்மா."

இப்படி நாள் முழுக்க. இரண்டு பேருக்கும் நான் எழுதிக்கொடுத்த வசனம்தான். நான் இல்லையென்றால் அந்தக் கார் ஓடியிருக்காது. மிகையாகச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கல். இது நீங்கள் நம்ப மாட்டீர்கள். கார் டயரிலிருந்து தெறித்து, பின்னால் வருகிற நம் கேரவன் மூஞ்சியில் பட்டு, திரும்பி வந்து நம் கார் பின் கண்ணாடியையே உடைத்தது. நாம் எறிந்த கல் நமக்கே. கண்ணாடி முழுக்கக் கல்கண்டு மாதிரி பொடிந்து அம்மா தலையில் கொட்டியது. காயமில்லை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து பின் கதவைத் திறந்தார். அம்மா தலையைக் குனிந்தார்கள். அப்பா முடியிலிருந்து ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் போட்டார். ரொம்ப நேரம். முடிந்ததும் அம்மா தன் துப்பட்டாவால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார்கள். அப்போதும் பேசவில்லை பாருங்க, இரண்டு பேரும். எவ்வளவு பிடிவாதம்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் முடிவு பண்ணினேன், இனி சில்லறை வேலை உதவாது, பெரிதாக ஒன்று செய்தால்தான் இவர்கள் சேர்வார்கள் என்று.

இடையில் ஒரு ஓடை. மேலே எங்கேயோ பெய்த மழை, ரோட்டுக்குக் குறுக்கே செம்மண் காப்பியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, ஆழம் பார்க்கத் தண்ணீரில் இறங்கினார். வாக்கி டாக்கியைக் கார் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைச் சுட்டுக்கொண்டு, "பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு நான் கேரவன் பின்னால் போனேன். காருக்குள் இன்னொரு செட் இருக்கிறது, அம்மா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் துப்பட்டாவை மடித்து மைக் மேல் வைத்துக்கொண்டேன், ஆம்பளைக் கனம் வருவதற்கு. நான் செய்ததிலேயே உன்னதமான அப்பா அதுதான்.

"பேச்சி. ஓவர்."

கொஞ்ச நேரம் கரகரப்பு. "சொல்லுங்க. ஓவர்."

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஓவர்."

"எப்படி? ஓவர்."

"கண்டக்டர் பொண்ணுன்னு. ஓவர்."

"நான் கண்டக்டர் பொண்ணுதானே. அதுல எனக்கு என்ன குறைச்சல்? ஓவர்."

இது நான் எதிர்பார்க்காத கேள்வி. சமாளித்தேன். "இல்ல, சிரிச்சது தப்பு. ஓவர்."

"யார் யாரு சிரிச்சது? ஓவர்."

"நான், அந்தக் கெவின், அவர் சம்சாரம், நாய் வச்சிருந்த ஆளு. ஓவர்."

"அவ்வளவுதானா? ஓவர்."

"அவ்வளவுதான். ஓவர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாரும் இல்லையா? ஓவர்."

"வேற யாரு? ஒருத்தரும் இல்லை. ஓவர்."

அம்மா பட்டனை அமுக்கியபடி இருந்தார்கள், மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் "சரி" என்றார்கள். ஓவர்கூடச் சொல்லவில்லை.

நான் வெற்றி என்று நினைத்து முன்னால் வந்தேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் முன் கண்ணாடி வழியாக அப்பா நன்றாகவே தெரிந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. முழங்காலளவு தண்ணீரில், இரண்டு கையாலும் ஒரு பெரிய குச்சியைப் பிடித்துக்கொண்டு, வாயில் கார் சாவியைக் கவ்விக்கொண்டு நின்றார். இன்னொன்றும் இருக்கிறது. அப்பா ஒரு நாளும் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏம்மா"தான். சின்னச் சின்னப் பிழைகள். ஆனால் குரல் பிரமாதம், அதில் ஒன்றும் சொல்ல முடியாது.

ஓடையைத் தாண்டினோம். அந்தப் பக்கம் ஏறினதும் அம்மா நேராக அப்பாவிடம் பேசினார்கள். தபால் இல்லாமல். "கூபர் பீடியில என்னை இறக்கி விட்டுடுங்க. நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன்."

அப்பா கண்ணாடியில் பார்த்தார். "நிச்சயமாவா?"

"எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்."

"சரிம்மா." ஓவர் போடவில்லை.

அதாவது பேச ஆரம்பித்துவிட்டார்கள். வைத்தியம் பலித்துவிட்டது, நோயாளி எழுந்து வெளியே போகிறார். அதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள், ஆன்ட்டி. நேற்று ராத்திரி சேர்ந்து தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். என்னிடம்தான் பேச்சில்லை. இன்று காலையிலிருந்து அம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், "என் துணியைத் துவைச்சுக் குடு." சண்டைக்காரர்கள் ஒன்றாகிவிட்டார்கள், தூது போனவளுக்குச் சலவை வேலை.

என்ன கேட்டீங்க? நானா? அன்றைக்கு நான் சிரித்தேனா என்றா?

இல்லையே. நான் எப்படிச் சிரிப்பேன். சிரிக்க வைக்கிற ஆள் சிரிக்கவே கூடாது, அது முதல் பாடம். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்க வைத்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

அது அப்பா சொன்ன ஜோக். நான் அதை... அவர்களுக்குப் புரியவில்லை என்று புரிய வைத்தேன். புரியாமலே விட்டிருந்தால் அது அந்த மரியாதைச் சிரிப்போடு போயிருக்கும் இல்லையா. கெவினுக்கு எங்கள் தாத்தா யார் என்றே தெரிந்திருக்காது. நான்தான் படியில் தொங்கி, விசிலடித்து, இவர்தான் பாருங்க என்று காட்டினேன். அம்மா நனைந்து நின்றதைக்கூட விடவில்லை, கோழி மாதிரி. ஒரு தடவை இல்லை, ஆள் சேரச் சேரத் திருப்பித் திருப்பி. தாத்தா குரலை அம்மா கடைசியாகக் கேட்டது போனில்தான். அதற்கப்புறம் கேட்டது அன்றைக்கு. என் வாயிலிருந்து. கெவின் முன்னால்.

"யார் யாரு சிரிச்சது?" "வேற யாரும் இல்லையா?"

ஐயோ, ஆன்ட்டி. நான் ஆள் கணக்கெடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாய் வைத்திருந்த ஆளைக்கூட விடவில்லை.

மெஷின் இன்னும் எத்தனை நிமிஷம் காட்டுது? பரவாயில்லை, யோசிக்க நேரம் இருக்கு. போய்ச் சொல்லிவிடலாம். எந்தக் குரலில் சொல்வது என்றுதான். அப்பா குரல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது. தாத்தா குரலில் சொன்னால் உருகிப்போய்... வேண்டாம், வேண்டாம், அதனால்தான் இத்தனையும். பாட்டுப் போட்டி நடுவர் மாதிரி சொல்லலாமா? "பேச்சியம்மாள் மேடம், உங்க மகள் பண்ணினது..." இல்லை. நீங்க ஒன்று செய்யுங்க, அம்மா மாதிரி அங்கே உட்காருங்க, நான் ஒத்திகை பார்க்கிறேன்.

அம்மா.

இது கெவின் மாதிரி இருந்ததா? கொஞ்சம் இருந்தது. இருங்க.

அம்மா, அன்னைக்கு வேற ஒரு ஆளும் இருந்தது. நான்தான். ஸாரிம்மா.

நல்லாவே இல்லை இல்லையா? கீச்சென்று இருக்கிறது. எந்த ஏற்ற இறக்கமும் இல்லை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. இப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே தெரியாது. இதை வைத்துக்கொண்டு மேடை ஏறினால் தக்காளிதான் வரும்.

நின்றுவிட்டது. மெஷின். நாலாவது தடவை போடலாமா என்று கேட்காதீங்க, நானே யோசித்தேன். வெளியே என்ன சத்தம்? ஹாரனா? பெரிய வண்டி ஹாரன்தான். ஆன்ட்டி, அது பஸ். அந்த மூடியைக் கொஞ்சம் திறங்க, நான் பையை எடுத்துக்கொள்கிறேன், ஈரமாகவே கொண்டுபோய்...

இதைப் பாருங்க. நான் எழுந்ததும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

பேட்டரி இல்லையா அது? பட்டன். பேசுகிற பட்டன். நான் அதன் மேல்தான் இவ்வளவு நேரமும்... அப்படியென்றால் முதலிலிருந்து...

உஷ். பேசுது.

"ஆன்ட்டி, அந்த இடது பக்க மெஷின்ல போடாதீங்க. கையில் வெள்ளைச் சட்டை வேற வச்சிருக்கீங்க. ஓவர்."

ஆன்ட்டி, நான் வாயையே திறக்கவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க? அது என் குரல். அந்த "வேற"வில் ஒரு இழுப்பு இழுத்ததே, அது நான்தான். ஆனால் நான் இல்லை.

"டூ இட் அகைன், லவ். ஓவர்."

இது கெவின். கெவின் அங்கே எப்படி வந்தார்?

"என்ன, சத்தத்தையே காணோம்? எனக்கு மொத்தமே ஒரு குரல்தானே, முகை. ஓவர்."

அம்மா.

"பண்ணினதுல நல்லா இருந்தது அந்தக் கடைசிக் குரல்தான். கீச்சுன்னு இருந்தாலும் பரவாயில்ல. அதையே வச்சுக்கோ. ஓவர்."

ஆன்ட்டி, பேசறது நிஜமாகவே அம்மாதானா? கொஞ்சம் வெளியே எட்டிப் பாருங்களேன். எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

"பஸ் வந்துச்சு. ரைட் குடுத்து அனுப்பிட்டேன். துணியை எடுத்துட்டு வா. உங்கப்பா வண்டியைப் பின்னால எடுக்கணும்கறாரு, நீதான் பின்னால நிக்கப் போற. ஓவர்."

பட்டன் எது? இதுதானே, எனக்குத் தெரியாததா. இருங்க, தொண்டையைச் சரிபண்ணிக்கொள்கிறேன். இல்லை, வேண்டாம், அப்படியே.

"ரைட்மா. ஓவர்."

கரகரவென்று இருக்கிறது. தூரத்தில் அப்பா கேட்கிறார், மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, கழுத்து வியர்க்க வியர்க்கத்தான் இருக்கும்:

"எந்த ரைட்? ஓவர்."